லியர் கழற்றிய கிரீடம்

கதகளியில் மன்னன் வேஷக்காரர் ஆட்டத்தின் நடுவே கிரீடத்தைக் கழற்றலாமா? 1989இல் கேரளத்து ரசிகர்களிடையே இந்தச் சர்ச்சையைக் கிளப்பிவிட்டவர் ஷேக்ஸ்பியரின் லியர்.

பிரெஞ்சு நடனக் கலைஞர் அனெத் லெதே, கேரளத்திலேயே தங்கிக் கதகளி பயின்றவர். ஆஸ்திரேலியரான டேவிட் மெக்ரூவியோடு சேர்ந்து, கேரள கலாமண்டலக் கலைஞர்களைக் கொண்டு 'கிங் லியர்' நாடகத்தைக் கதகளி ஆக்கினார். செண்டை, மத்தளம், பின்பாட்டு, முத்திரை எதிலும் கை வைக்கவில்லை. வெட்டு விழுந்தது கதைக்குத்தான். குளஸ்டரின் கிளைக்கதை முழுதாகப் போயிற்று. செருக்குள்ள லியருக்குக் கத்தி வேஷம், பிரான்ஸ் மன்னனுக்கு உத்தமர்களுக்குரிய பச்சை வேஷம். அதுவரை சிக்கலில்லை. பித்தேறிய லியர் வெறுந்தலையோடு வந்தபோதுதான் கேரளத்து ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. கிரீடம் போனால் வேஷமே போயிற்று. கட்டை கட்டி ஆடும் நம் கூத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திருவனந்தபுரத்தில் 'மார்கி' கலை அமைப்பை நிறுவிய அப்புக்குட்டன் நாயரைப் பொறுத்தவரை, கதகளி மண்ணுலகைச் சேர்ந்ததே அல்ல. அப்படிப் பார்த்தால், பெற்ற மகள்களிடம் ஏமாந்த கிழவனுக்கு அங்கே இடமேது?

அதே காலத்தை ஒட்டி, அதே ஊரில் 'சோபானம்' குழுவை நடத்திவந்த காவாலம் நாராயண பணிக்கர் வேறு வழியில் போனார். கிரேக்கக் கலைஞர்களோடு சேர்ந்து இலியட்டையும் ராமாயணத்தையும் பின்னி 'இலியாயனா'வை உருவாக்கினார். கவர்ந்து செல்லப்பட்ட பெண், கடல் தாண்டிய படை: பொருத்தம் கைக்கெட்டும் தூரத்திலேயே கிடந்தது. அவருடைய நாடக மொழியும் ஒற்றை இலக்கணத்துக்குள் அடங்கியதல்ல. களரி, படையணி, கூடியாட்டம் எனக் கேரளக் கலைகள் எதிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்.

என்னை அதிகம் இழுப்பது லியர்தான். ராமாயணமும் இலியட்டும் ஒன்றுக்கொன்று சம்பந்திகள்போல முகமன் சொல்லிக்கொள்ளும். லியரோ கதகளிக்குள் புகுந்து அதன் தச்சுவேலை எங்கே இறுகியிருக்கிறது என்று காட்டிக்கொடுத்தார். 1990இல் எடின்பரோவிலும் 1999இல் லண்டன் குளோப் அரங்கிலும் பார்த்தவர்களுக்கு அந்த வெறுந்தலை ஒரு மன்னனின் துயரம், அவ்வளவே. மரபு மீறல் என்று அதைக் கண்டுகொள்ளக் கேரளத்துக் கண் வேண்டும்.

2000இல் காவாலமும் ஷேக்ஸ்பியரிடம் வந்தார். 'டெம்பெஸ்ட்' அவர் கையில் 'கொடுங்காற்று' ஆயிற்று. அந்தக் கதையிலும் ஒரு கிழவன் தன் மந்திரக்கோலைத் துறக்கிறான். சோபானத்து மேடையில் அதைத் தடுக்க எந்த வேஷ இலக்கணமும் இல்லை.