நானூறு பெண்களும் ஒரு மஞ்சள் எச்சரிக்கையும்

எங்க ஊர் கோயில் திருவிழா வரி வசூலுக்கு ஒரு சின்ன செயலி எழுதிக் கொடுத்தேன். மொபைல்ல பேர்ப் பட்டியல் வரும், பணம் கட்டினவங்க பேருக்குப் பக்கத்துல டிக் அடிக்கலாம், அவ்வளவுதான். ரியாக்ட் நேட்டிவ்ல ஃப்ளாட்லிஸ்ட் போட்டு ஒரே ராத்திரியில முடிச்சாச்சு. ஓடுச்சு. ஆனா திரையில மஞ்சளா ஒரு எச்சரிக்கை: பட்டியல்ல ஒவ்வொண்ணுக்கும் தனி அடையாளம், அதாவது 'கீ', இல்லையாம்.

முதல்ல பேரையே கீயா கொடுத்துப் பார்த்தேன். எங்க ஊர்ல நாலு ராமமூர்த்தி. ஒரே கீ ரெண்டு தடவை வருதுன்னு அடுத்த எச்சரிக்கை. சரின்னு வரிசை எண்ணைக் கொடுத்தேன். மஞ்சள் மறைஞ்சுது, நானும் தூங்கப் போயிட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு, ஊரை விட்டுப் போன ஒருத்தர் பேரைப் பட்டியல்லேர்ந்து நீக்கினாங்க. டிக்கை அந்தந்த வரிசைக்குள்ளயே வச்சிருந்தேனா, பேரெல்லாம் ஒரு படி மேல ஏறுச்சு, டிக் மட்டும் இருந்த இடத்துலயே நின்னுச்சு. கட்டாதவர் கட்டினவர் ஆயிட்டார். முதல் ஆளா கட்டின பெரியவர் பாக்கிக்காரர் ஆயிட்டார். அவர் முகத்துல எப்படி முழிக்கிறது? :-(

அப்பதான் தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. திருச்சுற்றோட வெளிச்சுவர்ல இருக்கு. ராஜராஜனோட 29ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1014 வாக்குல வெட்டினது. ஹுல்ட்ஷ் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில பதிப்பிச்சிருக்கார். திருவாரூர், திருவையாறு, நாகப்பட்டினம், பழையாறு, பாச்சில்னு சோழநாட்டுக் கோயில்கள்லேர்ந்து கொண்டுவந்து குடியமர்த்தின 400 தளிச்சேரிப் பெண்களோட பட்டியல் அது. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். மொத்தம் 40,000 கலம்!

இவங்க எல்லாருக்குமே பேருக்கு முன்னாடி 'நக்கன்'. அதுக்கப்புறம் வர்ற பேரும் திரும்பத் திரும்ப வருது. எடுத்தபாதம்னு ஒருத்தி இல்ல, பல பேர். சோழகுலசுந்தரியும் அப்படித்தான். பேரை மட்டும் பார்த்து நெல் அளந்தா என்னாகும்? ஒருத்தி ரெண்டு தடவை வாங்குவா, இன்னொருத்தி வெறுங்கையோட போவா. என் செயலியில போனது திருவிழா வரி. அங்க போறது ஒரு வருஷச் சாப்பாடு.

எழுதினவங்க என்ன பண்ணியிருக்காங்க பாருங்க. தெற்குத் தளிச்சேரியா வடக்குத் தளிச்சேரியா, அதுல தென்சிறகா வடசிறகா, அந்தச் சிறகுல எத்தனாவது வீடு, அப்புறம் எந்தக் கோயில்லேர்ந்து வந்தவங்க, கடைசியாத்தான் பேர். 'தலைவீடு', அதாவது முதல் வீடு, ஒவ்வொரு சிறகுலயும் ஒண்ணு உண்டு. அதனால வீட்டு எண் அந்தச் சிறகுக்குள்ள மட்டும்தான் தனி. தெரு, சிறகு, வீடு மூணையும் சேர்த்தாத்தான் முழு அடையாளம். ரியாக்ட்ல கீ அந்த ஒரு பட்டியலுக்குள்ள தனியா இருந்தாப் போதும்னு சொல்றதும் இதேதான்.

'வீட்டு எண்ணும் வரிசை எண்தானே'ன்னு கேப்பீங்க. இல்ல. ஏழாம் வீட்டுக்காரி செத்துப்போனா எட்டாம் வீடு ஏழாம் வீடு ஆயிடாது. அதுக்கும் கல்லுலயே விதி இருக்கு: ஒருத்தர் இறந்தாலோ வெளியூர் போனாலோ, அடுத்த உறவுமுறைக்காரர் அந்தப் பங்கை வாங்கிக்கிட்டு வேலையைப் பார்க்கணும். அவருக்குத் தகுதி இல்லைன்னா தகுதியான ஆளை வச்சுச் செய்யணும். உறவே இல்லைன்னா மத்தவங்க சேர்ந்து ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கணும். ஆள் மாறலாம், பங்கு தொலையாது. கல்லுல வெட்டினதை அழிச்சு எழுத முடியாதுன்னு தெரிஞ்சு பண்ணின ஏற்பாடு.

ஆனா ஒண்ணு உறுத்துது. இந்த ஏற்பாடு காப்பாத்துறது பங்கைத்தான், பெண்ணை இல்ல. திருவாரூர்ல இருந்தவளைத் தஞ்சாவூருக்கு வர்றியான்னு யாராவது கேட்டாங்களா? கல்வெட்டுல அது இல்ல. இருந்தாலும் வீட்டு எண்ணோட நிறுத்தாம, அவ பேரையும் வந்த கோயிலையும் சேர்த்து வெட்டியிருக்காங்க. ஆயிரம் வருஷம் கழிச்சு அவளைப் பத்தி நமக்குக் கிடைக்கிறது அந்த ஒரு வரிதான்.

செயலியையும் சரி பண்ணிட்டேன். பேரைச் சேர்க்கும்போதே ஒரு ஐடி, அது அப்புறம் மாறவே மாறாது, கீஎக்ஸ்ட்ராக்டர்ல அதையே கொடுத்தாச்சு. டிக்கையும் வரிசைக்குள்ள வைக்காம அந்த ஐடியோட சேர்த்து வச்சாச்சு. திரை வரும்போதெல்லாம் புதுசு புதுசா ரேண்டம் எண் கொடுக்குற குறுக்கு வழி வேண்டாம். எண் மாறினா எல்லா வரிசையையும் அழிச்சு அழிச்சுக் கட்டும். பெரியவர்கிட்ட நேர்ல போய் மன்னிப்பும் கேட்டாச்சு.

அடுத்த தடவை பெரிய கோயிலுக்குப் போனா விமானத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துட்டு வந்துடாதீங்க. சுவரையும் கொஞ்சம் பாருங்க. யாரோ ஒருத்தரோட விலாசம் இருக்கும் :-)