மின்னணுக் கருவியைச் சுற்றிய காற்றில் வெப்பப் பரிமாற்றம்: கணினி உருவகப்படுத்தல்

மின்னணுக் கருவியிலிருந்து வெளியேறும் வெப்பம் சுற்றுக்காற்றில் எப்படிப் பரவும், உள்ளிருக்கும் சில்லுகள் எவ்வளவு சூடேறும் என்பதைக் கருவியைச் செய்யுமுன்பே கணித்தறியும் முறை. ரௌட்டர், எல்.இ.டி. விளக்கு போன்ற விசிறியில்லாக் கருவிகளின் வடிவமைப்பில் இதற்கு முக்கிய இடம் உண்டு.

காற்று வெப்பத்தை மிக மோசமாகக் கடத்தும். அதன் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.026 வாட், தூய அலுமினியத்துக்கு இது ஏறத்தாழ 9,000 மடங்கு. ஆகவே கருவி குளிர்வதற்குக் காற்று நகர்ந்தாக வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்து மேலெழ, கீழிருந்து குளிர்காற்று அவ்விடத்துக்கு வருகிறது. இந்த இயற்கை வெப்பச்சலனத்தில் ஓட்டத்தை உண்டாக்குவது வெப்பநிலை. வெப்பநிலையை மாற்றுவதோ அதே ஓட்டம். இரண்டையும் சேர்த்தே தீர்க்க வேண்டியிருப்பதுதான் கணக்கின் கடினம்.

கருவியையும் சுற்றுவெளியையும் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றின் அழிவின்மைச் சமன்பாடுகள் தீர்க்கப்படுகின்றன. வெப்பநிலை வேறுபாடு சிறிதாக இருந்தால், மிதப்பு விசையில் மட்டும் அடர்த்தி மாறுவதாகக் கொள்ளும் பூசினெஸ்க் தோராயம் வேலையை எளிதாக்கும். அழுத்தத்தை முதலில் ஊகித்து, நிறைக்கணக்கு சரியாகும்வரை திருத்திக்கொண்டே போகும் ‘சிம்பிள்’ வழிமுறையை சுஹாஸ் பாட்டண்கர், பிரையன் ஸ்பால்டிங் இருவரும் 1972இல் வெளியிட்டனர். இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் அதன் வழிவந்த முறைகளே இயங்குகின்றன. 2004 முதல் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கும் ஓப்பன்ஃபோம், திடப்பொருளையும் காற்றையும் ஒருசேரத் தீர்க்க வல்லது.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கதிர்வீச்சில். கறுப்பு நிறப் பெட்டி 60 பாகை செல்சியசிலும் அறை 25 பாகையிலும் இருந்தால், கதிர்வீச்சால் சதுர மீட்டருக்கு ஒரு பாகைக்குச் சுமார் 6 வாட் வெளியேறும். இயற்கை வெப்பச்சலனத்தின் பங்கும் ஏறத்தாழ அவ்வளவே. கதிர்வீச்சை விட்டுவிட்டால் விடை வெகுவாகப் பிசகும். அலுமினியம் போன்ற பளபளப்பான உலோகப் பரப்பில் மட்டுமே இதை ஓரளவு புறக்கணிக்கலாம்.

கணக்கிடும் வெளியின் எல்லையும் கவனத்துக்குரியது. கருவிக்கு மேலே போதிய இடம் விடாமல் எல்லையை மூடிவிட்டால் எழும் காற்று தடைபட்டு, வெப்பநிலை பொய்யாக உயரும்.

கணக்கைச் சரிபார்க்கக் கையாலேயே ஒரு மதிப்பீடு போடலாம். 10×10×3 செ.மீ. பெட்டியின் புறப்பரப்பு 0.032 சதுர மீட்டர். இருவழி வெப்ப இழப்பையும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஒரு பாகைக்கு 10 வாட் எனக் கொண்டால், 5 வாட் செலவிடும் கருவியின் மேற்பரப்பு அறையைவிடச் சுமார் 16 பாகை சூடாகும். கணினி 50 பாகை உயர்வு என்று காட்டினால், உள்ளீட்டில் எங்கோ பிழை. வெப்பநிலை உணரியான தெர்மோகப்பிளை ஒட்டி அளந்த மதிப்போடு ஒப்பிடாதவரை, கணினி தரும் எவ்வளவு அழகான வண்ணப்படமும் வெறும் ஊகமே.