புதுச் சிந்தனை இயக்கம்: கொழும்பு வழியாகத் தமிழுக்கு

புதுச் சிந்தனை இயக்கம் என்பது, உடல்நோய்க்கும் வாழ்க்கைத் துன்பத்துக்கும் வேர் பிழையான எண்ணமே என்றும், எண்ணம் திருந்தினால் இரண்டும் தீரும் என்றும் கொண்டு, 19ஆம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் எழுந்த ஆன்மீக இயக்கமாகும். மணிக்கூடு செய்பவரான பினியாஸ் குவிம்பி (1802–1866) இதன் முன்னோடி. ஒருவரது உயிர்ச்சக்தியைக் கைவீச்சால் மற்றவர் உடலில் பாய்ச்சலாம் என்னும் மெஸ்மரிச முறையைப் பயின்ற அவர், நோயைத் தீர்ப்பது அச்சக்தியன்று, நோயாளியின் நம்பிக்கையே என்ற முடிவுக்கு வந்தார். அவரிடம் சிகிச்சை பெற்ற மேரி பேக்கர் எடி 1879இல் தனித் திருச்சபை நிறுவினார். அதிலிருந்து விலகிய எம்மா கர்ட்டிஸ் ஹாப்கின்ஸின் மாணாக்கர் வழியாகவே இயக்கம் பரவியது.

இலங்கைக்கு முதலில் வந்தது குவிம்பியின் முடிவன்று, அவர் கைவிட்ட பழைய முறையே. பிரம்மஞான சபைத் தலைவர் கேணல் ஒல்கொட், களனிக்கு அருகே ஒரு கத்தோலிக்கரின் வீட்டுக் கிணற்றைக் கத்தோலிக்கர்கள் பிரான்சின் லூர்துக்கு ஒப்பான சுகமளிக்கும் தலமாக்க முயல்வதாகக் கேள்விப்பட்டு, பௌத்த பிக்கு ஒருவர் புத்தரின் பெயரால் நோய் தீர்க்க முன்வர வேண்டுமென மூத்த பிக்குவான சுமங்கல தேரரிடம் கூறினார்; தம்மவரிடம் அந்த ஆற்றல் இல்லையெனத் தேரர் மறுத்துவிட்டார். 1882 ஆகஸ்டில் காலியில், கல்வி நிதிக்குச் சிறுதொகை கொடுக்க வந்த கொர்னேலிஸ் அப்பு, பக்கவாதத்தால் உழைக்க இயலாததைச் சொல்லி வருந்தியபோது, ஒல்கொட் அவரது கைமீது தம் கைகளை வீசினார். சில நாள்களில் அவர் அந்தக் கையைச் சுழற்றவும் ஒப்பமிடவும் கண்டதாக ஒல்கொட்டின் நினைவேடு கூறுகிறது. செய்தி பரவிக் கூட்டம் திரண்டது; இந்தியாவிலும் தொடர்ந்த இச்சிகிச்சையை, தம் குருமாரின் கட்டளை என்று சொல்லி 1883இன் பிற்பகுதியில் அவர் நிறுத்திக்கொண்டார். தொடக்கத்தில் இதற்குத் தூண்டுகோலாக இருந்தது மருத்துவ ஆர்வத்தைவிட மதப்போட்டியே என்பது கவனிக்கத்தக்கது.

எதிர்த்திசையிலும் போக்குவரத்து நடந்தது. 1894 கோடையில் மெயின் மாநிலத்தின் கிரீன் ஏக்கரில் மனச்சிகிச்சையாளர் நடுவே உரையாற்றிய சுவாமி விவேகானந்தர், 1897 ஜனவரி 15 அன்று கொழும்பில் வந்திறங்கினார். அவரது மரபின் நிலையம் பின்னர் கொழும்பின் வெள்ளவத்தையில் அமைந்தது. மத்தேயு, யோவான் நற்செய்திகளுக்குக் கீழைத்தேய நோக்கில் ஆங்கில உரை கண்ட சேர் பொன்னம்பலம் இராமநாதன், 1905–1906இல் அமெரிக்காவில் ஆன்மப் பண்பாடு குறித்து உரையாற்றித் திரும்பியபின், அதே நகரில் கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் தந்தையார் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கருங்கல்லில் எடுப்பித்தார். அதே பகுதியில் புனித அந்தோனியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் சைவரும் பௌத்தரும் நேர்த்தி வைத்துச் செல்கின்றனர். நோய்தீர வேண்டுவோர்க்கு இத்தனை வாசல்கள் திறந்திருந்த நகரில், எண்ணத்தால் குணமாக்கும் புதிய சபை எதுவும் வேரூன்றாததில் வியப்பில்லை.

தமிழில் இவ்வியக்கம் நிலைபெற்றது நூல்வழியே. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் ஓட்டிய வ. உ. சிதம்பரம்பிள்ளை, 1908இல் சிறைப்பட்டபின், இவ்வியக்கச் சிந்தனையை ஒட்டி எழுதிய ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் சிறுநூலை ‘மனம் போல வாழ்வு’ என மொழிபெயர்த்தார். ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’, ‘சாந்திக்கு மார்க்கம்’ ஆகியனவும் ஆலன் வழி வந்தவையே. கப்பல் கம்பனி நொடித்து, வழக்கறிஞர் உரிமமும் பறிபோன ஒருவர், மனத்தின் வலிமையே மனிதனை உயர்த்தும் என்னும் நூல்களை இடைவிடாது தமிழாக்கியதை ஏட்டுப் பயிற்சியாகக் கருத முடியாது. திருக்குறளில் ஊறிய அவர் கையில், நோய்தீர்க்கும் வாக்குறுதி பின்தங்கி, அறமும் மனவடக்கமும் முன்வந்தன. 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவிய வேதாத்திரி மகரிஷியும், ‘எண்ணங்கள்’ எழுதிய எம். எஸ். உதயமூர்த்தியும் பிற்காலத்தில் தமிழ் வாசகரிடையே மனப்பயிற்சியை ஆளுக்கொரு வகையில் பரப்பினர். முன்னவர் தியானத்தோடு உடற்பயிற்சியையும் இணைத்தார், பின்னவர் தன்னம்பிக்கையைச் சமூக மாற்றத்துக்கான கருவியாக்க முயன்றார்.