உத்தப்புரத்தின் இரண்டு சமாதானங்கள்

ஆறுமுகநேரியோ, திருச்செந்தூர் வட்டாரத்தில் வேறு எந்த ஊரோ, சாதிப் பிரச்சினை வெடித்தால் அதிகாரிகள் முதலில் கூட்டுவது சமாதானக் கூட்டம்தான். "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். பேசித் தீர்ப்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் யார் எதை விட்டுக்கொடுத்துத் தீர்க்கிறோம் என்று கேட்க வேண்டும். அதற்கு மதுரை மாவட்டம் உத்தப்புரத்தின் வரலாற்றைத் தோழர்கள் அறிந்திருப்பது அவசியம்.

1989இல் அங்கே தலித் மக்களுக்கும் பிள்ளைமார் சமூகத்தாருக்கும் மோதல் மூண்டு உயிர்கள் போயின. பிறகு ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதைக் காட்டித்தான் தலித் குடியிருப்பைப் பிரித்து எழுப்பிய சுமார் 600 மீட்டர் நீளச் சுவரை ஆதிக்க சாதியினர் நியாயப்படுத்தினார்கள். அரச மரமும் கோயிலும் பொதுப்பாதையும் நம் மக்களுக்கு எட்டாமல் போயின. பின்னாளில் சுவர்மீது மின்கம்பியும் ஓடியது. அதே 1989இல்தான் நாடாளுமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டெல்லியில் உரிமை சட்டமானது. உத்தப்புரத்தில் உரிமை பறிபோனதற்குச் சமாதானம் என்று பெயர் வந்தது.

மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் தொடர்ந்து போராடிய பிறகு, 2008 மே 6 அன்று சுவரின் ஒரு பகுதியை அரசு இடித்துப் பாதை திறந்தது. அதை எதிர்த்துப் பிள்ளைமார் குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. அவ்வாண்டு நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தலித் ஒருவர் உயிரிழந்தார். வழக்குகள் குவிந்தன.

2011 அக்டோபரில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க் முன்னிலையில் இரு தரப்பும் மீண்டும் உட்கார்ந்து பேசின. கோயிலில் தலித்துகள் வழிபடலாம், பேருந்து நிழற்குடைக்கு ஒத்துழைப்பு, இரு தரப்பு வழக்குகளும் வாபஸ் என்று முடிவானது. நவம்பர் 10 அன்று தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். பிற்பாடும் கோயில் தொடர்பாகச் சச்சரவு எழுந்தது. ஒரு கையெழுத்தில் சாதி ஒழிந்துவிடாது.

இரண்டுமே வன்முறையை நிறுத்தப் பேசியவைதான். முதலாவது, இருந்த உரிமையை எழுதி வாங்கியது. இரண்டாவது, பறிபோன உரிமையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. இடையில் சுமார் இருபதாண்டுப் போராட்டம் இருந்தது. சங்கமும் சட்டமும் பின்னால் இருந்ததால்தான் நம் மக்கள் சமமாக உட்கார முடிந்தது.

ஆகவே தோழர்களே, சமாதானக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போவோம். போகும் முன் புகாரைப் பதிவு செய்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கிக்கொள்வோம். தனி ஆளாகப் போகாமல் அமைப்பாகப் போவோம். எழுதியதை முழுக்க வாசித்துவிட்டு, இந்தத் தாளால் நம் பிள்ளைகள் நடக்கும் பாதை திறக்கிறதா, அடைபடுகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுவோம்.