ஒற்றைப் பல்பிலிருந்து எத்தனை சர்க்யூட் வரை?



நம் கோவளம் பக்கம் குடிசையைப் பிரித்துத் தளம் போட்ட வீடு கட்டுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். உங்களில் சிலரும் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அஸ்திவாரத்துக்கும் கம்பிக்கும் நாலு பேரிடம் விசாரிக்கிறவர்கள், வயரிங் என்றதும் "எலக்ட்ரீஷியன் பார்த்துக்குவார்" என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு வீட்டுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு கரண்ட் வேண்டும்? இதற்கு அரசாங்கமே காலத்துக்குக் காலம் வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால் நம் வீட்டுக் கணக்கும் புரியும்.

தமிழ்நாட்டில் 1932-ல் பைக்காராவும் 1937-ல் மேட்டூரும் நீர்மின்சாரம் தரத் தொடங்கின. 1957-ல் மின்வாரியம் அமைந்தது. தெருவரை வந்த கரண்ட் ஏழையின் குடிசைக்குள் நுழைய மட்டும் நாளாயிற்று. நமக்குத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம் வணிக உற்பத்தியைத் தொடங்கியது 1984 ஜனவரியில். அதற்குப் பிறகு, 1988-89-ல்தான் மத்திய அரசு 'குடிர் ஜோதி' திட்டத்தைக் கொண்டுவந்தது. ஏழை வீட்டுக்கு ஒரு விளக்கு இணைப்பு என்பதே அதன் அளவு. நம் மின்வாரியக் கட்டண விதியிலும் குடிசைக்குத் தனிப் பிரிவு உண்டு. 250 சதுர அடிக்கு மேற்படாத இருப்பிடம், 40 வாட்டுக்கு மேற்படாத ஒரு விளக்கு.

அந்த ஒரு பல்பைக் குறைவாக நினைக்காதீர்கள். சிம்னி விளக்குப் புகையில் படித்த பிள்ளைகளுக்கு அது பெரிய வரம். அதற்கு ஒரு மெல்லிய வயர், ஒரு ஸ்விட்ச், ஒரு ஹோல்டர் போதும். 40 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள், 0.17 ஆம்பியர்தான்.

பிறகு 2006-ல் இலவச கலர் டி.வி. வந்தது. 2011-ல் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் வந்தன. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் கை நொந்த பெண்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் பல வீடுகளில் பொருள் மாறியது, வயர் மாறவில்லை. பல்பு லைனிலிருந்தே ஒரு பிளக் எடுத்தார்கள். 500 வாட் மிக்ஸி இழுப்பது 2 ஆம்பியருக்கு மேல். அந்தப் பல்பைப் போல 12 மடங்கு. அயர்ன் பாக்ஸ் என்றால் 4 ஆம்பியருக்கு மேல். பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றிவிட்டால், பியூஸ் போகாது. வயர் சூடாகும், ஜாயின்ட் கருகும். மேலே இருப்பதோ ஓலைக் கூரை.

அரசின் கணக்கும் மெல்ல மாறியது. 2011-ல் அறிவித்த பசுமை வீடு திட்டத்தில் 300 சதுர அடி வீட்டுக்கு 5 சோலார் விளக்குகள். படுக்கையறை, கூடம், சமையலறை, கழிப்பறை, வராந்தா என்று இடத்துக்கு ஒன்று. 2017-ல் வந்த மத்திய அரசின் 'சௌபாக்யா' திட்டத்தில், கம்பி போக முடியாத வீடுகளுக்கு 5 எல்.இ.டி. விளக்கு, ஒரு ஃபேன், ஒரு பிளக்.

நம் வீடுகளில் சின்ன பிளக், பெரிய பிளக் என்று இரண்டு ஏன்? 5 ஆம்பியர், 15 ஆம்பியர் உருண்டை முள் பிளக் பிரிட்டிஷ்காரர் வழி வந்தவை. அவர்கள் 1947-ல் 13 ஆம்பியர் சதுர முள்ளுக்கு மாறிவிட்டார்கள். நாம் பழையதையே திருத்தி, இன்று 6, 16 என்கிறோம். விளக்கு லைன் வேறு, பவர் லைன் வேறு என்ற பாடம் அதிலேயே இருக்கிறது. ஒரு விளக்கு சர்க்யூட்டில் 10 பாயின்ட் அல்லது 800 வாட்டுக்கு மேல் கூடாது, பவர் சர்க்யூட்டில் 2 பாயின்ட்டுக்கு மேல் கூடாது என்பது நம் நாட்டில் நெடுநாளாக உள்ள வழக்கம்.

ஆகவே சின்ன வீடானாலும் என் கணக்கு இது:

1. விளக்கு, ஃபேனுக்கு இரண்டு சர்க்யூட். ஒன்று டிரிப் ஆனாலும் வீடு முழுக்க இருட்டாகாது. 1.5 சதுர மி.மீ. செம்பு வயர்.
2. சமையலறைக்குத் தனி பவர் சர்க்யூட், 2.5 சதுர மி.மீ.
3. ஃபிரிட்ஜ், மோட்டாருக்குத் தனித்தனி லைன்.
4. ஏ.சி., ஹீட்டர் இன்று இல்லாவிட்டாலும் அதற்குப் பைப் மட்டுமாவது பதித்து வையுங்கள்.
5. ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் எம்.சி.பி., மொத்தத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. எம்.சி.பி. காப்பது வயரை, ஆளைக் காப்பது ஆர்.சி.சி.பி.

எர்த்தை மறக்காதீர்கள். நம்முடையது மணல் பூமி, கோடையில் மேல்மண் காய்ந்துவிடும். எர்த் பைப் ஈரம் உள்ள ஆழம் வரை இறங்க வேண்டும். உப்புக்காற்றில் இணைப்புகள் அரிக்கும்; வருடம் ஒருமுறை பார்த்து இறுக்கச் சொல்லுங்கள்.

பூச்சு வேலைக்கு முன் பைப் பதித்த சுவர்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னாளில் ஆணி அடிக்கும்போது உதவும். சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள். உரிமம் பெற்ற வயர்மேனாக இருக்கும் நம் பழைய மாணவர்களும் பதில் சொல்லுங்கள்.