இரண்டடித் தயக்கம்: கிரெத்தியேனின் காவியங்களில் காதற்சினமும் மானமும்

12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரெஞ்சு மொழியில் எழுதிய கிரெத்தியேன் த துருவாவின் ‘வண்டி வீரன்’ காவியத்தில், அரசி கினிவியர் தன்னை மீட்க வந்த காதலன் லான்ஸ்லாட்மேல் சினம் கொள்கிறாள். 1883இல் இக்காவியத்தை முன்வைத்து ‘அரசவைக் காதல்’ என்னும் கருத்தை வகுத்த காஸ்தோன் பாரி, அக்காதலின் தலைவியை மனம்போன போக்கில் நடப்பவளாகவும் இறுமாப்பு உடையவளாகவும் கண்டார். அந்த வாசிப்பு போதாது. அரசியின் சினம் ஒரு தீர்ப்பு. வீரனின் மானம் ஊருக்கு உரியதா, காதலுக்கு உரியதா என்ற வழக்கில் அவள் வழங்கும் தீர்ப்பு.

கடத்தப்பட்ட அரசியைத் தேடும் லான்ஸ்லாட், குதிரையை இழந்து நடந்துவருகையில் குள்ளன் ஒருவன் ஓட்டும் வண்டியைக் காண்கிறான். குற்றவாளிகளை ஏற்றித் தெருத்தெருவாக அவமானப்படுத்தும் வண்டி அது; அதில் ஏறியவனுக்குப் பிறகு எந்த அவையிலும் மதிப்பில்லை. ஏறினால் அரசியைப் பற்றித் தெரியவரும் என்கிறான் குள்ளன். அறிவு தடுக்கிறது, காதல் உந்துகிறது. இரண்டடி நடக்கும் நேரம் தயங்கிய பிறகே ஏறுகிறான்.

பின்னர் கைகால் கிழிய, கூர்வாளே பாலமான வாள்பாலத்தைக் கடந்து, அரசியைக் கடத்திய மெலியகாண்ட்டுடன் பொருது வந்தவனிடம் அரசி முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம் பிறகே வெளிப்படுகிறது: ஏறியது குற்றமன்று, ஏறத் தயங்கியதே குற்றம். ஊர் பழித்ததை அவள் பழிக்கவில்லை; ஊர் கண்டுகொள்ளாத இரண்டடியைக் கணக்கில் எடுக்கிறாள். அதே அளவுகோல் அவளுக்கும் உண்டு. அவன் இறந்தான் என்ற பொய்ச்செய்தி வந்ததும், அவனைக் கொன்றவள் தானே என்று நொந்து உணவை மறுக்கிறாள். மனம்போன போக்கில் சினப்பவள் தன்னையே குற்றக்கூண்டில் ஏற்றமாட்டாள்.

நோவாஸ் போட்டிக்களத்தில் வழக்கு மறுவிசாரணைக்கு வருகிறது. அடையாளம் மறைத்து வந்த லான்ஸ்லாட்டுக்கு, தோற்பவனைப் போலப் போரிடுமாறு அரசி ஆணை அனுப்புகிறாள். கூட்டம் எள்ளி நகையாட, அவன் அன்று மாலைவரை கோழையாக நடந்துகொள்கிறான். அவனை இனங்காணவே அவள் இப்படிச் செய்தாள் எனலாம். ஆனால் அதற்கு முதல்நாள் ஆணையே போதும். மறுநாளும் அதே ஆணை போவதும், அவன் நொடியும் தயங்காமல் ஏற்பதும், அதன்பின்பே வெல்லும் அனுமதி கிடைப்பதும் வண்டியருகே நேர்ந்த பிழைக்கான கழுவாய்.

கிரெத்தியேனின் ‘இவேன்’ காவியம் இதற்குத் துணைச்சான்று. ஓராண்டில் திரும்புவதாகத் தன் மனைவி லோடினுக்கு வாக்களித்த வீரன் இவேன், தோழன் கவேனுடன் போட்டிக்களங்களில் புகழ் தேடித் தவணையை மறக்கிறான். லோடினின் தூதுப்பெண் அரசர் ஆர்தரின் அவையிலேயே அவனைப் பொய்யன் என்று இடித்துரைத்து, லோடின் கொடுத்திருந்த மோதிரத்தைத் திரும்பப் பெறுகிறாள். அவன் பித்தனாகிக் காட்டில் அலைகிறான். இறுதியில் லோடின் அவனை ஏற்பது சினம் தணிந்ததால் அன்று. தோழி லூனெத் சூழ்ச்சியாக வாங்கிய சத்தியத்தை மீறினால் தன் வாக்கு பொய்க்கும் என்பதால் ஏற்கிறாள். வாக்குத் தவறியவனைத் தண்டித்தவள் தன் வாக்குக்குக் கட்டுப்படுகிறாள்.

இரண்டு காவியங்களிலும் பிழை ஒன்றே: ஊரார் மெச்சும் மானத்துக்காகக் காதலுக்குரிய கடனைத் தள்ளிப்போடுதல். வாளால் வென்ற வீரனை அவனுடைய தோழர்கள் எவரும் இதற்காகக் கேள்வி கேட்கவில்லை. கேட்டவர்கள் அவனை நேசித்த பெண்களே. அவர்களுடைய சினத்தை அடங்காமை என ஒதுக்கினால், கிரெத்தியேன் வீரமரபின்மேல் வைத்த மிகக் கூர்மையான விமர்சனத்தையே இழந்துவிடுவோம்.