பல்கலைக்கழகமும் மனநல மருத்துவமனையும்: தென்னிந்தியாவில் உளவியல் தொழில் வளர்ந்த இரு வழிகள்

தமிழ்நாட்டில் உளவியலில் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவர், அப்பட்டத்தை மட்டும் கொண்டு மருத்துவ உளவியலாளராக, அதாவது மனநோயையும் மனவளர்ச்சிக் குறைபாட்டையும் சோதனைகளால் மதிப்பிட்டு உளச்சிகிச்சை அளிப்பவராக, பதிவுபெற இயலாது. இந்நிலையைச் சட்டத்தின் கெடுபிடியாக மட்டும் கொள்வது பொருந்தாது. பாடம் ஒரு நிறுவனத்திலும் தொழில் வேறொரு நிறுவனத்திலும் வேரூன்றியதே இதற்கு மூலகாரணம்.

இந்தியாவின் முதல் உளவியல் துறை 1916இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில், ஹார்வர்டில் பயின்று வந்த என். என். சென்குப்தாவின் பொறுப்பில் தொடங்கியது. தென்னிந்தியாவில் முதல் துறையை 1924இல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் அமைத்த எம். வி. கோபாலசாமி, இலண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மனிடம் பயிற்சி பெற்றவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. டி. போவாஸ் தலைமையில் 1943இல் உளவியல் துறை உருவாயிற்று. தத்துவப் பாடத்தின் ஒரு பகுதியாக இருந்த உளவியல் இவ்வாறு தனித்துறையானபோது, நினைவாற்றல், கவனம், எதிர்வினை நேரம் ஆகியவற்றை அளக்கும் ஆய்வுக்கூடமே அதன் பெருமையாக விளங்கியது. நோயாளியை நேரில் காணும் பயிற்சி பாடத்திட்டத்தின் மையத்துக்கு வரவில்லை. படித்து முடித்தவர்களுக்குப் பெரும்பாலும் கல்லூரி ஆசிரியப் பணியே வழியாக இருந்தது.

மனநல மருத்துவமனையின் வரலாறு இதற்கு மிக முந்தையது. சென்னையில் 1794இல் தொடங்கிய மனநோயாளர் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. எனினும் நெடுங்காலம் அது அடைத்துவைத்துக் காக்கும் இடமாகவே இயங்கியதால், உளவியலாளருக்கு அங்கே பணியென ஒன்று இருக்கவில்லை. மனநலப் பணிக்குப் பயிற்சி பெற்றோர் இல்லாமையை 1946இல், நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழுவின் அறிக்கை எடுத்துக்காட்டியது. அதனைத் தொடர்ந்து 1954இல் பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் எழுந்தது. அது 1974இல் தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) ஆயிற்று. அங்கு 1955இல் தொடங்கிய மருத்துவ, சமூக உளவியல் பட்டயப் படிப்பே பிற்கால எம்.ஃபில். படிப்புக்கு முன்னோடி. நோயாளியிடம் விவரம் கேட்டுப் பதிவுசெய்தல், சோதனை செய்தல், சிகிச்சை அளித்தல் ஆகிய ஒவ்வொன்றையும் மூத்தவரின் மேற்பார்வையில் கற்கும் முறை இவ்வாறுதான், பல்கலைக்கழகத் துறைகளுக்கு வெளியே, நிலைபெற்றது.

இப்பயிற்சியின் இன்றியமையாமையை ஒரு சிறு மதிப்பீட்டிலேயே காணலாம். அறிவுசார் குறைபாடு உள்ளதாகக் கருதப்படும் குழந்தையிடம், பத்து மரத்துண்டுகளை அவற்றின் வடிவத்துக்கேற்ற குழிகளில் பொருத்தச் சொல்லும் சீகன் வடிவப் பலகைச் சோதனையும் வினாக்கள் அடங்கிய பினே-காமத் சோதனையும் நடத்தப்படுகின்றன. பின்னதைக் காமத் 1930களில் கன்னட, மராத்தி பேசும் குழந்தைகளுக்கென்றே தகவமைத்தார். ஆகவே தமிழ்க் குழந்தை ஒன்றின் விடையை எடைபோடும்போது அதன் மொழியையும் வளர்ந்த சூழலையும் கணக்கில் கொள்ளும் தேர்ச்சி மதிப்பிடுவோருக்கு வேண்டும். மாற்றுத்திறனாளி சான்றிதழும் அதைச் சார்ந்த உதவிகளும் இத்தகைய மதிப்பீட்டைப் பொறுத்தவை என்பதால், பிழை நேரின் இழப்பு குழந்தைக்கே.

இரு வழிகளுக்கும் இடையிலான இடைவெளியைச் சட்டம் பின்னர் உறுதிப்படுத்தியது. இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் 1992இல் இயற்றப்பட்டு, மருத்துவ உளவியலாளர் அம்மன்றத்தின் பதிவேட்டில் இடம்பெற வேண்டியவரானார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் மன்றம் ஏற்ற தகுதியையே அடிப்படையாகக் கொண்டது. மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் திருச்சியில் தொடங்கி விரிந்தபோது, பெருநகருக்கு வெளியேயும் இத்தகுதிக்கு வேலை உண்டாயிற்று. ஆனால் அத்தகுதியைத் தரும் எம்.ஃபில். இடங்கள் மிகக் குறைவாகவே இருந்தன. எனவே முதுகலை முடித்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆலோசகராகவோ, நிறுவனங்களின் மனிதவளப் பிரிவிலோ, தொண்டு நிறுவனங்களிலோ பணிபுரிகின்றனர். தேவையும் பொறுப்பும் மிக்க இப்பணிகளுக்கு நெடுங்காலம் பதிவும் இல்லை, ஊதிய வரையறையும் இல்லை என்பது பெருங்குறை.

அண்மை மாற்றங்கள் இக்குறையைத் தொட்டுள்ளன. 2021ஆம் ஆண்டின் துணைமருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் பிற உளவியலாளரையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. எம்.ஃபில். பட்டத்தைக் கைவிட்ட பல்கலைக்கழக மானியக் குழு, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கைக்கு விலக்களித்தது. தொலைநிலை வழியில் உளவியல் கற்பிப்பதை 2025இல் நிறுத்தியது. நேரடிப் பயிற்சியை வலியுறுத்தும் இம்முடிவு சரியானதே. ஆயினும் வேலைபார்த்துக்கொண்டே அஞ்சல்வழியில் பயின்ற சிற்றூர் மாணவருக்கு மாற்றுவழி அமைக்காமல் அது முழுமை பெறாது. மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளோடு அருகிலுள்ள பல்கலைக்கழக உளவியல் துறைகளை இணைத்து, முதுகலைக் காலத்திலேயே மேற்பார்வையுடன் பயிற்சி அளிக்க அரசு முன்வர வேண்டும். மாணவர்களும் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே, தாம் சேரும் படிப்பு எந்தப் பதிவேட்டில் இடம்பெறத் தகுதி தரும் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.